இரு கூடாரங்களும் ஒரு விண்ணப்பமும்

கல்கத்தாவில் வாழும் நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்களுக்கு எதைக் காட்டுவது என்பது எழுதாச் சட்டம்போல் நடந்து வருகிறது. முதல் நாள் காளிகாட். இரண்டாம் நாள் தக்ஷிணேசுவரமும் பேலூர் மடமும். மூன்றாம் நாள் விக்டோரியா மண்டபமும் காட்சிசாலையும். நான்காம் நாள் பெண்மக்கள் புடவைக் கடைக்குப் புறப்படுவர். ஆண்மக்கள் பணப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வர். 2001இல் கொல்கத்தா என்று பெயர் மாறிய பின்னும் நம்மவர் நாவில் கல்கத்தாவாகவே வழங்கும் இந்நகரில், உள்ளூர் மக்களின் உள்ளம் குடிகொண்டுள்ள இடம் ஒன்றுண்டு. அதை மட்டும் யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. அன்பர்களை இன்று அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

நான் பணிபுரியும் ரயில்வே காரியாலயம் ஹூக்ளி நதிக்கரையை அடுத்தது. அங்கிருந்து ஸ்டிராண்டு சாலை வழியே தெற்கு நோக்கி நடந்தால், ராணி ராஸ்மணியின் கணவர் பெயரால் வழங்கும் பாபுகாட் படித்துறையின் தூண்கள் தென்படும். பக்கத்திலேயே சர்க்குலர் ரயில் பாதை. அதைக் கடந்து கிழக்கே திரும்பினால் ஈடன் தோட்டத்துக் கிரிக்கெட் அரங்கு. அதனருகே கையில் பேரும் புகழுமன்றி வேறொன்றும் இல்லாத ஒரு மனிதரின் சிலை நிற்கிறது. கோஷ்ட பால் என்னும் அப்பெருமகனாரைச் 'சீன நெடுஞ்சுவர்' என்று வங்காளிகள் போற்றுவர். மோகன் பகான் கழகத்தின் காவல் வரிசையில் நின்று, வெள்ளைக்காரப் பட்டாளத்தாரின் பந்தைத் தடுத்தவர் அவர். அச்சிலையைத் தாண்டியதும் மைதானத்துக் கூடாரங்கள் தொடங்குகின்றன.

கூடாரம் என்றதும் துணிக் கூடாரத்தை எண்ணிவிடலாகாது. மைதானம் முழுதும் ராணுவத்தின் உடைமை. அங்கே எவரும் தம் விருப்பம்போல் நிலையான மாளிகை எழுப்ப இயலாது. ஆதலால் நூறாண்டு கடந்த கழகங்களும் 'டெண்ட்' என்ற பெயரிலேயே குடியிருக்கின்றன. தாழ்ந்த கூரை, முன்னே புல்வெளி, பின்னே விளையாட்டுத் திடல், ஓரமாக ஒரு சிற்றுண்டிச்சாலை. பச்சையும் அரக்குச் சிவப்பும் பூண்டு, பாய்மரப் படகைச் சின்னமாகக் கொண்டது மோகன் பகான். செம்மையும் பொன்னிறமும் பூண்டு, எரியும் தீவட்டியைச் சின்னமாகக் கொண்டது ஈஸ்ட் பெங்கால். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிட நடைதான். ஆயினும் மேற்கு வங்காளத்தில் இதைவிட நீண்ட தூரம் வேறில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

மோகன் பகான் 1889ஆம் ஆண்டு தோன்றியது. 1911 ஜூலை 29ஆம் தேதி, ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில், காலணியின்றி ஆடிய வீரர் பெரும்பான்மையாயிருந்த அக்கட்சி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. சுதேசிக் கட்சியொன்று அக்கேடயத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. ஈஸ்ட் பெங்கால் பிறந்ததோ 1920 ஆகஸ்டு முதல் தேதி. ஜோராபகான் என்ற கழகம், மோகன் பகானுக்கு எதிரான பந்தயத்தில் கீழ்வங்கத்து ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்காமல் ஒதுக்கியது. அக்கழகத்தின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி வெகுண்டு வெளியேறி, நண்பர்களோடு கூடிப் புதுக்கழகம் கண்டார். 'எங்களவனை ஒதுக்கினீர்களே' என்ற மனக்குறையில் பிறந்தது அக்கட்சி. 1947இல் நாடு பிளவுண்டு, கீழ்வங்கத்து மக்கள் வீடும் வயலும் இழந்து அகதிகளாக வந்தபோது, தம் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒரே உடைமையாக அவர்களுக்கு அக்கழகம் ஆயிற்று.

மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளைக் 'கோட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்களைப் 'பாங்கால்' என்றும் இங்கு வழங்குவர். (திருநெல்வேலிச் சீமை அன்பர்கள் முதற்சொல்லைக் கேட்டு நகைக்க வேண்டா, இங்கு அதற்குப் பொருள் வேறு.) கோட்டிகளின் பெருமை இறால் மீன், பாங்கால்களின் பெருமை இல்ஸா மீன். எந்தக் கட்சி வென்றதென்பதை அன்று மாலை மீன் கடையில் எதற்குக் கூட்டம் என்பதைக்கொண்டே அறியலாம் என்பார்கள். 1997 ஜூலை 13ஆம் தேதி, சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு கட்சிகளும் மோதியபோது, ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் நாலுக்கு ஒன்றாக வென்றது. இந்த அபிமானம் விளையாட்டன்று, உயிரையும் கொண்டுபோயிருக்கிறது. 1980 ஆகஸ்டு 16ஆம் தேதி ஈடன் அரங்கில் நடந்த இவ்விரு கட்சிகளின் ஆட்டத்தில் எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு ரசிகர் மாண்டனர். அந்நாளில் ஆண்டுதோறும் இங்கு ரத்ததானம் செய்கிறார்கள்.

இனி எங்கள் காரியாலயத்துக்கு வருவோம். எங்கள் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவைப் 'படாபாபு' என்று அழைப்பது வழக்கம். அவர் மோகன் பகான் அபிமானி. ரிக்கார்டு பிரிவில் ஒரு பெரியவர் உண்டு. ஓய்வுபெறும் காலம் நெருங்கியவர். அவர் ஈஸ்ட் பெங்கால். பகல் உணவு வேளையில் இவ்விருவரும் மேசையின் இருபுறமும் அமர்ந்து வாதிடுவதைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முன்பெல்லாம் வாதம் கோலைப் பற்றியது. இப்பொழுது பணத்தைப் பற்றியது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவ்வாதம் உச்சத்தை எட்டியது. அன்வர் அலி என்ற காவல்வீரரைத் தில்லிக் கழகம் ஒன்றிடமிருந்து மோகன் பகான் நீண்டகால இரவலாகப் பெற்றிருந்தது. அவர் அவ்வொப்பந்தத்தை இடையில் முறித்துக்கொண்டு வெளியேற, ஈஸ்ட் பெங்கால் அவரை ஐந்தாண்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. வழக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் குழுவுக்குச் சென்றது. செப்டம்பர் 10ஆம் தேதி, வீரர் நான்கு மாதம் ஆடலாகாதென்றும், மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்ச ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென்றும் குழு தீர்ப்பளித்தது. மறுதரப்பினர் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினர். சில நாட்களிலேயே அத்தீர்ப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. வீரர் செம்பொன் சட்டை அணிந்து களமிறங்கினார்.

"கையெழுத்திட்டவன் வார்த்தை தவறலாமா? காசைக் காட்டி இழுத்தீர்களே!" என்றார் படாபாபு.

"காசைப் பற்றி நீங்கள் பேசுவதா? 2020இல் உங்கள் கழகத்தின் கால்பந்துப் பிரிவில் எண்பது விழுக்காட்டை ஒரு தொழிலதிபர் குழுமத்துக்குக் கொடுத்துவிட்டு, வேறொரு கழகத்தின் பெயரையும் முன்னே ஒட்டவைத்துக்கொண்டீர்களே! அதை நீக்கும்படி மூன்று வருஷம் கூச்சலிட்டது யார்?" என்றார் பெரியவர்.

"நீக்கிவிட்டோமே! 2023இல் பெயர் மாறிற்று. பிறகு லீக்கில் முதலிடம். 2024-25இல் கேடயமும் கோப்பையும் இரண்டும் எங்களுக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து முன்னணி வீரர்களைக் கொண்டுவந்தோம், பலன் கண்டோம். நீங்களும்தான் வாங்கினீர்கள், முந்திய பருவத்தில் அதிக கோல் போட்ட கிரேக்கரை வாங்கினீர்கள். முதல் ஆறு ஆட்டமும் தோல்வி! இறுதியில் ஒன்பதாம் இடம்!"

"அது எங்கள் தலைவிதி. உங்கள் வெற்றி உங்கள் முதலாளியின் காசோலை!"

இவ்வாறு இருவரும் மோதிக்கொண்டிருந்த ஒரு நாள், தேநீர் கொண்டுவந்த பியூன் என்னைப் பார்த்து, "மதராஸி தாதா, அந்தப் பன்னிரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் நம் சம்பளத்தில் எத்தனை வருஷம்?" என்று வினவினான். கணக்குப் போடுவது என் தொழில். மாதம் நாற்பதினாயிரம் என்று வைத்துக்கொண்டால், 3,225 மாதச் சம்பளம். அதாவது 268 ஆண்டும் ஒன்பது மாதமும். 2024இல் அத்தொகையைச் சேர்த்து முடிக்க வேண்டுமானால், ஒரு குமாஸ்தா நவாப் சிராஜ் உத்தௌலா கல்கத்தாவைப் பிடிப்பதற்கு முந்திய ஆண்டிலேயே வேலைக்குச் சேர்ந்து, ஒரு காசும் செலவழியாமல் இருந்திருக்க வேண்டும். நான் இதைச் சொன்னதும் இரு கட்சியாரும் ஒருங்கே சிரித்தனர். அன்று அவர்கள் ஒன்றுபட்டது அந்த ஒரு நொடிதான்.

ஆட்டக்காரர் கட்சி மாறுவதை வங்காளிகள் 'தொல்பொதொல்' என்பர். அரசியல்வாதி கட்சி தாவுவதற்கும் அதே சொல். முற்காலத்தில் இது ஆண்டுக்கொருமுறை நடந்த திருவிழா. சூட்டர்கின் தெருவிலுள்ள கால்பந்துச் சங்க அலுவலகத்தில் வீரர்கள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் எதிர்க்கட்சியார் கடத்திவிடாதபடி அவர்களை விடுதியிலும் உறவினர் வீட்டிலும் ஒளித்து வைப்பார்களாம். கிருஷானு தே என்னும் அரிய ஆட்டக்காரர் 1985இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கும், 1992இல் அங்கிருந்து திரும்பவும் மோகன் பகானுக்கும் போனதைப் பெரியவர் இன்றும் தம் வீட்டுத் துக்கம்போல் சொல்வார். 1998இலோ, மதுபான வியாபாரக் குழுமம் ஒன்று இரு கழகங்களிலும் சரிபாதிப் பங்கு கொண்டது. கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், மெக்டவல் மோகன் பகான் என்று பெயர்களும் மாறின. ஒரே பீப்பாயிலிருந்து இரு குவளைகளும் நிரம்பின. ஆனாலும் அபிமானிகளின் பகை ஒரு துளியும் குறையவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பது சண்டைக்கு உண்மையான காரணமாக இருந்திருந்தால், சண்டை அன்றே முடிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதை எண்ணிப் பார்க்கையில் வேறொன்றும் புலப்படுகிறது. 'எங்களவன்' என்று அபிமானிகள் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் பிறப்பால் அவர்களவர்? கோட்டிகளின் காவல்தெய்வமான கோஷ்ட பால் பிறந்தது கீழ்வங்கத்து ஃபரீத்பூர்ச் சீமையில். வாழ்நாள் முழுதும் மோகன் பகானை விட்டு அகலாத சுனி கோஸ்வாமி பிறந்ததும் கிழக்கே கிஷோர்கஞ்சில். ஈஸ்ட் பெங்காலுக்கோ, 1949 முதல் ஐந்தாண்டுகள் பொற்காலம் தந்த முன்வரிசை ஐவரும் தென்னாட்டவர்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பஞ்ச பாண்டவர் என்று அவர்களை அழைத்தனர். 1949, 1950, 1951 மூன்றாண்டும் ஐ.எஃப்.ஏ. கேடயம் அக்கூடாரத்துக்கே வந்தது. வீடிழந்து வந்த பாங்கால்கள், தங்கள் மொழியறியாத தெற்கத்தியர் ஐவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள்.

நம்மவருள் ஒருவரும் உண்டு. செகந்தராபாத்தை அடுத்த ஊரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1961இல் அதன் தலைவராக இருந்து லீக் பட்டம் வாங்கித் தந்தார். 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது, சுனி கோஸ்வாமியும் பி.கே. பானர்ஜியும் இவரும் முன்வரிசையில் ஆடிய மும்மூர்த்திகள். 1963இல் இவர் பி.என்.ஆர். ரயில்வேக் கட்சிக்கு மாறினார், வேலையும் ரயில்வேயில்தான். பிறகு சொந்த ஊர் திரும்பவில்லை. ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவிலேயே வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார்.

பி.கே. பானர்ஜியின் கதை ரயில்வேக்காரர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. அவர் பெருங்கழகம் எதற்கும் ஆடாமல் கிழக்கு ரயில்வேக் கட்சியிலேயே நின்றார். 1958இல் கல்கத்தா லீக் பட்டத்தை அக்கட்சி வென்றது. மும்பெருங்கழகங்கள் அல்லாத வேறொரு கட்சி அப்பட்டத்தைப் பெற, பிறகு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டம் விட்ட பின்னர் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கும் பயிற்சி அளித்தார், மோகன் பகானுக்கும் பயிற்சி அளித்தார். ஒருவர் ஒரே இடத்தில் நின்று பெருமை பெற்றார். ஒருவர் ஊர் மாறிப் பெருமை பெற்றார்.

இவ்வளவும் நான் எண்ணிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் மேசை அறையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. என் தந்தையார் கும்பகோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கு வந்தவர். பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. அன்றுமுதல் என் தாயார், 'கண் மூடுவதற்குள் காவேரியைப் பார்க்க வேண்டும்' என்று மாதம் ஒருமுறையாவது சொல்லி வருகிறார். தெற்கு ரயில்வேயில் திருச்சிக் கோட்டத்துக்கு மாற்றம் கோரலாம். ஆனால் சொந்த வேண்டுகோளின் பேரில் மாறுபவன், அங்கே தன் படியில் உள்ள அனைவருக்கும் கீழாகக் கடைசி இடத்தில் சேர வேண்டும் என்பது விதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கு முன்பிருந்து உழைப்பவரை நான் முந்தலாகாதே! ஆயினும் பதினைந்தாண்டு சேர்த்த முன்னுரிமை ஒரு கையெழுத்தில் போய்விடும். ஆட்டக்காரன் இடம் மாறினால் கோடி வருகிறது. குமாஸ்தா இடம் மாறினால் உள்ளதும் போகிறது.

மற்றொரு தடை என் மகன். பத்து வயது. ஏரிச் சந்தை வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ரசமும் கூட்டும் உண்டு வளர்ந்தும், எப்படியோ பச்சை-சிவப்புக் கட்சியின் தீவிர அபிமானி ஆகிவிட்டான். ஒரு சனிக்கிழமை அவனை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். மோகன் பகான் கூடாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், தம் கூடாரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரிக்கார்டு பிரிவுப் பெரியவர் எதிர்ப்பட்டார். பையனின் சட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு அவனுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். நான் மெல்ல விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தாதா, நானும் ஊர் மாறிப் போனால் என்னையும் காசுக்கு ஓடியவன் என்பீர்களோ?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "என் அப்பா 1950இல் டாக்காவிலிருந்து வந்தார். விண்ணப்பம் எழுதிவிட்டா வந்தார்? திரும்பிப் போக வழியே இல்லாமற் போயிற்று. ஊருக்குத் திரும்பிப் போகிறவனை நாங்கள் வையமாட்டோம் ஐயா. அவனைப் பார்த்துப் பெருமூச்சுத்தான் விடுவோம். எதிர்க் கூடாரத்துக்குப் போகிறவனைத்தான் வைவோம். ஏனென்றால் அவன் தினமும் எங்கள் கண்ணெதிரே ஆடுவான், ஆனால் எங்களுக்காக ஆடமாட்டான்" என்றார்.

அப்பொழுதுதான் பதினைந்து ஆண்டு வாதத்தின் உட்பொருள் எனக்கு விளங்கிற்று. கோடிகளைப் பற்றி அவர்கள் போடுவது கணக்கன்று. நேற்றுவரை நம்மோடு இருந்தவன் இவ்வளவு எளிதாகப் போய்விட்டானே என்ற ஏக்கமே, ரூபாய் அணாவில் பேசிக்கொள்கிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அவ்வேக்கம் புரியாதா? நாம் வந்த நாளில் நம் ஊர்த் திண்ணையிலும் யாரோ ஒருவர் அவ்வாறு பேசியிருப்பார்.

வீடு திரும்பியதும் பையன் தன் பாட்டியிடம் ஓடினான். "பாட்டி, கும்பகோணத்துக்குப் போனா நான் மோகன் பகான் கட்சியா இருக்க முடியுமா?" என்று கேட்டான். என் தாயாருக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "ஏன் முடியாது? நாப்பது வருஷமா கல்கத்தாவுல இருந்துகிட்டு நான் கும்பகோணத்துக் கட்சியா இல்லையா?" என்றார்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுப் படாபாபுவின் மேசையில் வைத்தேன். அவர் இருமுறை படித்தார். "கடைசி இடத்தில் போய்ச் சேருவாய், தெரியுமல்லவா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். ஒன்றும் பேசாமல் மேலிடத்துக்கு அனுப்பக் குறிப்பெழுதினார். அன்று பகல் உணவு வேளையில் இருவரும் வாதிடவில்லை.

ஆணை எப்பொழுது வருமென்று சொல்ல இயலாது, ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை சனிக்கிழமைகளில் பையனோடு பாபுகாட் வழியே நடந்துகொண்டிருப்பேன். அன்பர்கள் கல்கத்தாவுக்கு வரும்போது, காளி தரிசனம் முடிந்த பின் ஒரு மாலைப் பொழுதை இரு கூடாரங்களுக்கும் ஒதுக்க வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டா; மற்றவர் மனம் நோகும்.